இலிஷும் இறாலும்: கல்கத்தா உதைபந்தாட்ட இரசிகர்களின் கதை

கல்கத்தாவில் பெரிய உதைபந்தாட்டப் போட்டியொன்று நடந்த நாளில், மாலையில் மீன் சந்தைக்குப் போகிறவன் வென்றது யார் என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. இலிஷ் மீனின் விலை ஏறியிருந்தால் ஈஸ்ட் பெங்கால் வென்றிருக்கிறது. இறாலின் விலை ஏறியிருந்தால் மோகன் பகான் வென்றிருக்கிறது. வென்ற கழகத்து வீட்டில் அன்றிரவு அந்தக் கழகத்துக்குரிய மீன் வேகவேண்டும். அது வழக்கம். "நாங்கள் வென்றதற்கு நாங்களே தண்டம் கட்டுகிறோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள். வாங்காமல் வீடு திரும்ப மாட்டார்கள்.

இலக்கிய நிகழ்ச்சியிலே உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று நேயர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். விளையாட்டு வரலாறு எழுதுவோர் கோல்களை எண்ணுகிறார்கள், கிண்ணங்களை எண்ணுகிறார்கள். வெயிலிலும் மழையிலும் சுற்றி நின்றவர்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அந்தச் சுற்றி நின்ற சனத்தின் கதைதான் பெரிதாகப் படுகிறது. அவர்களுடைய புறுபுறுப்பிலும், ஒருவருக்கொருவர் செய்துகொண்ட சின்னச் சின்ன உபகாரங்களிலும் ஒரு மாகாணத்தின் நூறாண்டுச் சரித்திரம் கிடக்கிறது. (2001இல் நகரின் பெயர் கொல்கத்தா என மாறிற்று. பழைய கதைக்குப் பழைய பெயரே என் வாய்க்கு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மோகன் பகான் கழகம் 1889இல் தோன்றியது. 1911 யூலை 29ஆந் திகதி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் அது ஈஸ்ட் யோர்க்ஷயர் படையணியை 2-1 என வென்றது. வெள்ளையர் சப்பாத்து அணிந்து ஆடினர். மோகன் பகான் வீரர் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால். முதற் கோலைப் படையணி போட்டது; தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார்; ஆட்டம் முடியுந் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். இவ்வளவும் பாடப்புத்தகங்களில் உண்டு.

அன்று அங்கே கூடிய சனத்தை அறுபதினாயிரம் என்றும் எண்பதினாயிரம் என்றும் மதிப்பிட்டார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து விசேட புகையிரதங்கள் ஓடின. ஆற்றிலே விசேட நீராவிப் படகுகள் விட்டார்கள். ரிக்கற்றுகள் கள்ள விலைக்குப் போயின. வந்தவர்களில் பெரும்பாலானோர் பந்தையே பார்க்கவில்லை என்பதுதான் இதில் விசேடம். முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்தார்கள். அதற்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்: பட்டம். கோல் விழுந்ததும் எண்ணிக்கையைக் காட்டும் பட்டம் வானத்தில் ஏறும். அரைமைல் தூரத்தில் நிற்பவனும் கழுத்தை நிமிர்த்தி அறிந்துகொள்வான். பட்டம் விட்டவர் யாரென்று வரலாற்றில் இல்லை. ஆட்டத்தைப் பார்க்கும் நேரத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெயரில்லாத மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

வெற்றிச் செய்தி கேட்டு முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் தரையிலே புரண்டு மகிழ்ந்தார்கள் என்று அக்காலப் பத்திரிகையொன்று எழுதியது. இந்துக்களின் கழகம் வென்றதற்கு முஸ்லிம்கள் புரண்டு மகிழ்ந்தார்கள். 1911இல் அப்படி ஒரு நாள் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற ஆண்டுகள் அப்படியிருக்கவில்லை.

ஈஸ்ட் பெங்கால் கழகமோ ஒரு மனக்குறையிலேயே பிறந்தது. 1920 யூலை 28ஆந் திகதி ஜோராபகான் கழகம் மோகன் பகானோடு மோதவிருந்தது. கிழக்கு வங்காளத்தவரான சைலேஷ் போஸ் என்னும் வீரரைக் காரணஞ் சொல்லாமல் அணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஜோராபகானின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌத்திரி, இவரும் கிழக்கத்தையவர், கேட்டுப் பார்த்தார், பயனில்லை. வெளியேறினார். நான்கு நாட்களில், ஓகஸ்ட் 1ஆந் திகதி, புதுக் கழகம் பிறந்துவிட்டது. உலகத்தில் மனக்குறைகள் பெரும்பாலும் தேநீர்க் கடையோடு முடிந்துவிடும். இது நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

மேற்கு வங்காளத்துப் பூர்வீகக்காரரை 'கொட்டி' என்றும், கிழக்கிலிருந்து வந்தவரை 'பாங்கால்' என்றும் அழைப்பார்கள். பேச்சுமொழி வேறு, கறியில் இடும் சீனியின் அளவு வேறு, மீன் வேறு. 1947இல் நாடு பிரிந்தபோது கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். சியால்தா புகையிரத நிலையத்து மேடையிலே குடும்பங் குடும்பமாகக் கிடந்தார்கள். பின்பு நகரின் தெற்கே வெறுங்காணிகளைப் பிடித்துக் குடில் போட்டார்கள். அவர்களுக்கு நகரிலே கேட்காமற் கிடைத்த ஒரேயொரு சொத்து, தங்கள் மண்ணின் பெயரைத் தாங்கிய அந்தக் கழகம். ஊர் கைவிட்டுப் போன பின்னரும் ஊரின் பெயரைச் சத்தமிட்டுச் சொல்ல ஓரிடம் வேண்டியிருந்தது. இதை நம் நாட்டு நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

எதிர்க்கழகத்தார் அவர்களை 'லொட்டா' என்று பழித்தார்கள். லொட்டா என்றால் செம்பு. அகதி முகாமிலே செம்போடு வரிசையில் நின்றவர்கள் என்பது அந்தப் பழிப்பின் பொருள் என்று விளக்குவார்கள். மிகக் கொடிய வசைதான். பதிலுக்கு இவர்கள் மோகன் பகான்காரரை 'மாசா', அதாவது பரண், என்றார்கள். ஆனால் வேடிக்கை பாருங்கள். இந்த அகதிச் சனம் 1949 முதல் சில ஆண்டுகள் தலையில் வைத்துக் கொண்டாடிய முன்வரிசை வீரர் ஐவரில் வங்காளி ஒருவர்கூட இல்லை. அஹமட் கான், அப்பாராவ், சாலே, தன்ராஜ், வெங்கடேஷ் என்ற ஐவரும் தென்னிந்தியர். 'பஞ்ச பாண்டவர்' என்று அவர்களுக்குப் பெயரிட்டார்கள். 1949, 1950, 1951 என மூன்றாண்டும் கேடயம் வந்தது. தங்கள் மொழி பேசாத ஐவருக்கு, வீடிழந்தவர்கள் தங்கள் இதிகாசத்தில் இடங்கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய விருந்தோம்பலை அந்த நிலையில் அவர்கள் வேறெப்படிச் செய்திருக்க முடியும்?

இனி அன்றாடப் புறுபுறுப்புகளுக்கு வருவோம். கழகங்களின் ஆடுகளங்கள் இருப்பது நகர் நடுவே 'மைதான்' என்னும் பெரும் புல்வெளியில். அது இராணுவத்துக்குரிய நிலம். நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே கழக மனைக்கு இன்றும் 'கூடாரம்' என்றே பெயர். நெடுங்காலம் மரப்பலகையிலான பார்வையாளர் படிகளே இருந்தன. இடம் எப்போதும் போதாது. ரிக்கற் வரிசையோ பாம்புபோல் வளைந்து கிடக்கும். குதிரைப் பொலிஸார் வரிசையை ஒழுங்கு செய்கிறோம் என்று வரிசைக்குள்ளேயே குதிரையை விடுவார்கள். மைதானத்துப் பழைய இரசிகர் எவரிடமும் கேளுங்கள். மத்தியஸ்தரை மன்னித்தாலும் மன்னிப்பார், அந்தக் குதிரையை மன்னிக்க மாட்டார்.

ரிக்கற் கிடைக்காதவர்களுக்கு வில்லியம் கோட்டைப் பக்கத்து மண்மேடு இருந்தது. 'ராம்பார்ட்' என்பார்கள். அங்கே நின்றால் ஆடுகளத்தின் ஒரு பகுதி தெரியும். முழுதும் பார்க்க விரும்புகிறவர்கள் அட்டையிலே கண்ணாடித்துண்டு பொருத்திய 'பெரிஸ்கோப்' வைத்திருப்பார்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்குரிய கருவியை ஏழைகள் உதைபந்தாட்டம் பார்க்கப் பயன்படுத்திய ஊர் வேறு உண்டோ அறியேன். கருவியுள்ளவர் பார்த்துச் சொல்வார். இல்லாதவர்கள் சூழ நின்று கேட்பார்கள். மரத்தில் ஏறியவரும் அப்படியே. மேலேயிருந்து வரும் வர்ணனையிலே தம் கழகத்துக்குச் சாதகமான கற்பனை சற்றுக் கலந்திருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் கேட்பதை விட்டவரில்லை.

பின்னாளில் இவ்வேலையை ஆகாசவாணி கல்கத்தா நிலையம் ஏற்றுக்கொண்டது. அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார், கமல் பட்டாச்சார்ய என்போரின் வங்காள வர்ணனையைக் கேட்க வெற்றிலைக் கடைகளின் முன்னே ட்ராம் வண்டிக்கும் வழிவிடாமல் சனம் நிற்கும். வானொலியிலே பேசுகிறவன் என்ற வகையில் எனக்கு அவர்கள்மீது பொறாமையுண்டு. என் குரலுக்காக ட்ராம் நின்றதில்லை.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்கத்தாவின் உதைபந்தாட்டப் பருவம் மாரிப் பருவம். வெறுங்காலில் ஆடியவர்கள் சேற்றில் வழுக்கினார்கள். மேகம் கறுத்தாலே மோகன் பகான் இரசிகரின் முகமும் கறுக்கும். 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் இதற்கு வழி கண்டது: ஈரத்தரையில் இலேசான சப்பாத்து. பல மாகாணங்களிலிருந்தும் வீரர்களைச் சேர்த்துக்கொண்டு 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டு தொடர்ந்து லீக் கிண்ணத்தை எடுத்தது. அந்த வெற்றிகள் முஸ்லிம் ஏழைத் தொழிலாளரை எவ்வளவு நிமிர வைத்தனவோ, அவ்வளவுக்குப் படிகளிலே மதக் கசப்பையும் ஏற்றின. 1911இல் புரண்டு மகிழ்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது எதிரெதிரே நின்றார்கள். அரசியல் வெளியே செய்ததை ஆடுகளம் உள்ளே பிரதிபலித்தது என்று சொல்லி நான் விளையாட்டுக்கு நற்சான்றிதழ் கொடுக்கப் போவதில்லை. சில வேளைகளில் உள்ளே மூண்டது வெளியேயும் போனது.

1975இல் சில மாதங்கள் நான் வட கல்கத்தாவில் ஒரு மெஸ்ஸிலே தங்கியிருந்தேன். மெஸ் என்பது ஊரிலிருந்து வந்த உத்தியோகத்தரும் மாணவரும் பொதுச் சமையலோடு வாழும் பழைய வீடு. இலங்கையன் என்று எத்தனை தடவை சொன்னாலும் அங்கே எனக்கு 'மத்ராஸி' என்றே பெயர். அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்ட ஆண்டு அது. அரசாங்கத்தைப் பற்றி வாய்திறக்க எல்லோரும் அஞ்சினார்கள். மத்தியஸ்தரைப் பற்றி எதையும் சொல்லலாம். ஆகவே அவ்வாண்டில் மத்தியஸ்தர்கள் தங்களுக்குரிய பங்குக்கு மேலாகவே வசை வாங்கினார்கள் என்பது என் எண்ணம்.

அங்கே இரண்டு முதியவர்கள் எதிரெதிர் அறைகளில் இருந்தார்கள். ஒருவர் பரிசாலிலிருந்து வந்த கணக்கர். மற்றவர் ஹூக்ளிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். ஒரே பத்திரிகையைக் காசு பங்கிட்டு வாங்கினார்கள். விளையாட்டுப் பக்கத்தை யார் முதலில் படிப்பது என்று தினமும் வழக்கு. தோற்ற கழகத்தார் முதலிற் படிப்பது என்று ஒருவாறு தீர்ப்பாயிற்று, துக்கத்துக்கு முன்னுரிமையாம். "மொஷாய்" என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே ஒருவரையொருவர் செம்பென்றும் பரணென்றும் ஏசுவார்கள். ஆட்டத்தன்று காலையில் யார் முகத்தில் விழித்தோம் என்பது பெரிய பிரச்சினை. நம்மூரில் முழிவியளம் என்போமே, அதுதான். ராசியில்லாதவன் என்று ஒரு முறை பெயரெடுத்துவிட்டால் அவன் மதியம்வரை அறைக்கதவைத் திறக்கக் கூடாது. எனக்கே அந்தத் தண்டனை இரு தடவை கிடைத்தது.

அவ்வாண்டு செப்ரெம்பர் 30ஆந் திகதி கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என வென்றது. ஷியாம் தாபா மட்டும் இரண்டு கோல். அதே ஆண்டில் ஆறாவது முறையாகத் தொடர்ந்து லீக் கிண்ணமும் ஈஸ்ட் பெங்காலுக்கே போயிருந்தது. நகரம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆயிற்று. மோகன் பகான் வீரர் சிலர் இரசிகர்களுக்கு அஞ்சி அன்றிரவைக் கங்கையிலே ஒரு படகில் கழித்தார்கள் என்பது பிரசித்தமான கதை. தோல்வி தாங்காமல் ஓர் இளைஞர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அதை நினைத்தால் இந்த விளையாட்டின்மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எங்கள் மெஸ்ஸிலே இரவுச் சாப்பாட்டு மணி அடித்தது. ஆசிரியர் இறங்கி வரவில்லை. ஈஸ்ட் பெங்கால்காரர்கள் காசு சேர்த்து இலிஷ் வாங்கி வந்திருந்தார்கள். கடுகு அரைத்த மணம் தெருவரை போயிற்று. கணக்கர் சமையற்காரரிடம் போய் ஏதோ பேசினார். பின்பு ஒரு தட்டிலே சோறும் பருப்பும் பொரித்த கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டு தாமே மாடிப்படி ஏறினார். மீன் இல்லை. "இன்றைக்கு இந்த மீனை அவருடைய தட்டில் வைப்பது அழகில்லை" என்று சமையற்காரரிடம் சொன்னாராம். மறுநாட் காலையிலே பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் மடிப்புக் கலையாமல் ஆசிரியரின் கதவடியிற் கிடந்தது. அவர் அதைப் படித்தாரோ தெரியாது. பத்து மணியளவில் இருவரும் குளியலறைத் தண்ணீருக்காகச் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது; மெஸ் முழுவதும் நிம்மதியடைந்தது.

இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனைப் பற்றியும் அந்த 5-0 ஆட்டத்தோடு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கு வங்கத்துக் கொமில்லாவிற் பிறந்த அவர் ஈஸ்ட் பெங்காலின் தீவிர பக்தர். அப்போது பம்பாயிலே நினைவிழந்து கிடந்தார். மகன் ராகுல் தேவ் பர்மன் காதருகே குனிந்து ஆட்ட முடிவைச் சொன்னபோது ஒருமுறை கண் திறந்தாராம். 1975 ஒக்ரோபர் 31ஆந் திகதி அவர் காலமானார்.

இந்த உலகத்தை இலக்கியமாக்கியவர் மோத்தி நந்தி (1931-2010). ஆனந்தபஜார் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர். 'ஸ்ட்ரைக்கர்', 'ஸ்டொப்பர்' என்னும் இரு குறுநாவல்கள் ஆடுகளத்தின் வியர்வை நாற்றத்தோடு எழுதப்பட்டவை. முன்னதில் மேலேற முனையும் ஓர் இளைஞன். பின்னதில் வயதேறி ஓரங்கட்டப்பட்ட ஒரு தற்காப்பு வீரன். பெரிய கழகங்களின் பகட்டைவிட, மாதச் சம்பளமும் நிச்சயமில்லாத சிறு கழகங்களின் கதைதான் அவர் கையில் உயிர்பெறுகிறது. தமிழில் விளையாட்டை இப்படி உள்ளிருந்து எழுதியவர்கள் மிகக் குறைவு என்பது என் நீண்டநாட் குறை; அதுவும் ஒரு புறுபுறுப்புத்தான்.

1980 ஓகஸ்ட் 16ஆந் திகதிக்கு வருகிறேன். ஈடன் கார்டன்ஸிலே இரு கழகங்களும் மோதின. இரு தரப்பு இரசிகரும் ஒரே படிகளிற் கலந்திருந்தனர். ஆட்டத்தின் நடுவே பிதேஷ் போஸ், திலீப் பாலித் என்ற இரு வீரர்கள் மோதிக்கொள்ள, மத்தியஸ்தர் இருவரையும் வெளியேற்றினார். களத்தின் சண்டை படிகளுக்கு ஏறிற்று. கல் பறந்தது; சனம் ஓடிற்று; நெரிசலில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள். வீட்டிலே அவர்களுக்காகச் சோறு மூடி வைத்திருப்பார்கள்.

அதற்குப் பின் ஆண்டுதோறும் அந்த நாளை உதைபந்தாட்ட அபிமானிகள் தினமாக்கி இரத்ததானம் நடத்துகிறார்கள். சிலை வைக்கலாம், கூட்டம் போட்டுப் பேசலாம். ஊசிக்குக் கை நீட்டுவது என்று தீர்மானித்தவர்களின் புத்தியை நான் மெச்சுகிறேன். சேகரித்த இரத்தம் எந்தக் கழகத்தவனின் உடம்புக்குப் போகிறதென்று கொடுத்தவனுக்குத் தெரியாது.

சால்ட் லேக் மைதானம் 1984இல் திறக்கப்பட்ட பின் கூட்டம் இன்னும் பெருகிற்று. 1997 யூலை 13ஆந் திகதி நடந்த பெடரேஷன் கிண்ண அரையிறுதிக்கு 1,31,781 பேர் வந்ததாகப் பதிவு. மோகன் பகான் பயிற்றுநர் அமல் தத்தா ஆட்டத்துக்கு முன்னர் பாய்ச்சுங் பூட்டியாவைச் 'சுங்சுங்' என்று கேலி செய்தார். பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1.

பின்னர் தொலைக்காட்சியும் பெருவணிகமும் வந்தன. 2020இல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் வேறொரு கழகத்தின் மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. இரசிகர்கள் புறுபுறுத்தார்கள், பதாகை பிடித்தார்கள், மூன்று ஆண்டுகள் விடவில்லை. 2023 மார்ச்சில் கிண்ணத்தை வென்ற இரவே உரிமையாளர் அந்த எழுத்துக்களை நீக்குவதாக அறிவித்தார். அதே 2020 ஜனவரியில், குடியுரிமைப் பத்திரங்கள் பற்றிய அச்சம் இந்தியாவெங்கும் பரவியிருந்தபோது, ஈஸ்ட் பெங்கால் படிகளிலே ஒரு பெரும் பதாகை விரிந்தது. இந்த மண்ணைக் காகிதங் கொடுத்து வாங்கவில்லை, இரத்தங் கொடுத்து வாங்கினோம் என்பது அதன் கருத்து. செம்பென்று ஏசப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பிடித்த பதாகை.

2024 ஓகஸ்ட் 9ஆந் திகதி கல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையிலே பணியிலிருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் பாலியல் வன்முறைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். நகரம் கொந்தளித்தது. 18ஆந் திகதி டியூராண்ட் கிண்ணத்தில் இரு கழகங்களும் மோதவிருந்தன. பாதுகாப்பைக் காரணங்காட்டி ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆட்டமில்லை, ஆனால் சனம் வந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என மூன்று கழகத்தாரும் தத்தம் சட்டையோடு சால்ட் லேக் மைதானத்தின் வெளியே கூடி நீதி கேட்டார்கள். பொலிஸார் தடியடி நடத்தினர்; சிலரைப் பிடித்துச் சென்றனர். மோகன் பகான் தலைவர் சுபாஷிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். ஒரு கழகத்தவனை மறு கழகத்தவன் தோளிலே ஏற்றியிருக்கும் புகைப்படம் மறுநாள் எங்கும் வந்தது. நானும் பார்த்தேன். 1911இல் புரண்டவர்களையும், மாடிப்படி ஏறிய கணக்கரையும் நினைத்துக்கொண்டேன்.

அதே மாதம் 31ஆந் திகதி அதே மைதானத்தில் டியூராண்ட் இறுதியாட்டம். மோகன் பகான் 2-0 என முன்னணியில் நின்றது. பின்பு நோர்த் ஈஸ்ட் யுனைட்டெட் அணி இரண்டையும் திருப்பிப் போட்டுத் தண்ட உதையில் கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டது. இரு வாரங்களுக்கு முன் தோள் கொடுத்த ஈஸ்ட் பெங்கால்காரர்கள் அன்றிரவு பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இறாலின் விலை மட்டும் ஏறியிருக்காது.